கன்னத்தில் மை வைத்த விமானம்

தேர் ரூஜ்,
1966 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ருக்மணிக்கு அப்பா எழுதுவது. முருகன் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்குகிறது. உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. வழக்கம்போல் பாதிக்கு மேல் பிரெஞ்சு. நீங்களும் பிரெஞ்சிலேயே எழுதுங்கள் அப்பா, எனக்குச் சுலபம் என்று வேறு எழுதியிருக்கிறாய். எழுத மாட்டேன். கரும்பு வெட்டிவிட்டு வந்து கை எரிய எரியக் கோவில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக நானே கற்றுக்கொண்ட தமிழ் இது, எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, அதனால் யாருக்காகவும் விடப்போவதில்லை. வீட்டில் நாம் பேசுவது இந்தத் தீவுப் பேச்சான கிரியோல்தான், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் காகிதத்தில் தமிழ்தான். உனக்கு ஏதாவது புரியாவிட்டால் இரண்டாம் தடவை படி. உனக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று கேட்க மாட்டேன், நர்ஸ் வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் அப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதக்கூட நேரம் இல்லாத ஆஸ்பத்திரி எந்த ஊரிலும் இருக்காது.

போட்டி என்ன ஆயிற்று, ஜெயித்தீர்களா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். நானும் ஒரே வரியில் சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே சோற்றைத் தள்ளிவிட்டு இனிப்பைத் தின்கிறவள். அதனால் வரிசையாகத்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. முதலில் வீட்டு விஷயம். சூறாவளியில் பிய்ந்துபோன சமையலறைத் தகரத்தை மாற்றியாகிவிட்டது, இப்போது மழை பெய்தால் சத்தம் மட்டும்தான் உள்ளே வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்க்காமல் எனக்குப் புத்தி சொல்கிறாள். பக்கத்து வீட்டு க்ளெமான் புதிதாக ஒரு மீன்பிடிப் படகு வாங்கியிருக்கிறான், அதற்குத் தன் பெண்டாட்டி பெயரை வைத்ததால் இரண்டும் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நம் தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, வராது, வந்தால் நல்லது, வந்தால் கெட்டோம் என்று கடைக்குக் கடை சண்டை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் க்ளெமான் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்.

இனி விமானத்துக்கு வருகிறேன். ருக்கு, ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய அந்தப் பெட்டியை நீ அனுப்பினாயே, அதைத் திறந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சரியாக எழுதவே இல்லை. பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்த உடனே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரில் இறங்குகிற அதே விமானம், முதுகுக்கு மேல் ஒரே பலகையாக இறக்கை, அதில் இரண்டு என்ஜின், பின்பக்கம் இரு விலாவிலும் தவளைக் கண் மாதிரி கண்ணாடிக் குமிழி. யுத்தத்தின்போது இதே விமானங்கள் நம் தொம்போ கடற்கரையில் வந்து இறங்கியதையும் நான் அங்கே கூலி வேலை பார்த்ததையும் உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஆயிரத்து ஒன்றாவது தடவையும் கேள். மார்பளவு தண்ணீரில் நின்று அதன் இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டுவோம், பிறகு கயிறு போட்டுக் கரைக்கு இழுப்போம், அலை ஒரு பக்கம் தள்ளும், அது ஒரு பக்கம் தள்ளும், எருமையைக் குளத்திலிருந்து கிளப்புகிற மாதிரி. யுத்தம் முடிந்ததும் ஒரு நாள் படம் எடுத்தார்கள். தொப்பி போட்டவர்கள் எல்லாரும் விமானத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கயிறு பிடித்தவர்கள் ஓரமாகப் போங்கள் என்று எங்களைச் சொன்னார்கள், விமானம் நகராமல் இருக்க யாராவது பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தப் படத்தை அப்புறம் நான் பார்த்திருக்கிறேன். படத்தில் கயிறு விழுந்திருக்கிறது, கயிற்றைப் பிடித்த என் கை விழுந்திருக்கிறது, முழங்கைக்கு அந்தப் பக்கம் படம் முடிந்துவிட்டது. கீழே தொப்பி போட்ட எல்லாருடைய பெயரும் அச்சடித்திருந்தது, விமானத்தின் எண் உள்பட.

அதனால்தான் ரோஸ் ஹில்லில் மாடல் கட்டுகிறவர்களுக்குப் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு நிலை கொள்ளவில்லை. முதலாவதாக வருகிற மாடலை போட்டி நடக்கிற மண்டபத்து நூல்நிலையத்தில் கண்ணாடி அலமாரியில் வைப்பார்களாம், ஒரு வருஷம் முழுக்க அங்கேயே இருக்குமாம், கீழே ஓர் அட்டையில் கட்டியவர் பெயர், ஊர். யோசித்துப் பார். அதே விமானம், கீழே நாகலிங்கம், தேர் ரூஜ். இருபது வருஷத்துக்கு முன்னால் எவன் ஓரமாகப் போகச் சொன்னானோ அவனோ அவன் பிள்ளையோ புத்தகம் எடுக்க வரும்போது குனிந்து வாசித்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அந்த அட்டை வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு அரிசி புடைத்தாள்.

கட்டின கதையைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதன் இல்லை. நீ முதலில் அனுப்பிய போர்க்கப்பலிலும் இரண்டாவது அனுப்பிய டாங்கியிலும் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இதற்குத்தான் உதவியது. துண்டுகள் சட்டத்தில் காய்க்குலை மாதிரி தொங்கும் இல்லையா, முன்பெல்லாம் கையால் முறித்துவிடுவேன், அது தழும்பு விடும். இப்போது சவரத் தகட்டால் அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். பசையைக் குழாயிலிருந்து நேராகப் பிதுக்கினால் வழியும், அதனால் தென்னை ஈர்க்குச்சி முனையில் எடுத்துத் தொட்டு வைக்கிறேன். உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டு அசையாமல் பிடிக்க அம்மாவின் துணிக் கவ்விகளை எல்லாம் மாட்டினேன், அன்றைக்குப் பார்த்துக் காற்று, அவளுடைய சேலை க்ளெமான் வீட்டுப் பலா மரத்தில் போய் உட்கார்ந்தது, அதற்கு அவன் பேசிய பேச்சை எழுதினால் தபால்காரர் கடிதத்தை வாங்க மாட்டார். ஒட்டின இடத்தில் கோடு தெரியக்கூடாது, அதுதான் இந்த வேலையின் உயிர். முகத்துக்குப் போடுகிற பவுடரை நகச்சாயத்தில் குழைத்து அந்தக் கோட்டில் அடைத்தேன். நகச்சாயம் வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள், நானும் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தேன். காய்ந்த பிறகு தேய்த்து விரலை ஓட்டிப் பார்த்தால் ஒரே உடம்பு, தாய் பெற்ற மாதிரி. மூக்கில் கனம் இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடும் என்று பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளில் போட்டிருந்தது, க்ளெமான் தூண்டிலுக்கு வைத்திருந்த ஈயக் குண்டுகளை உள்ளே அடைத்தேன். கண்ணாடிக் குமிழியில் பசை பட்டால் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், அதை ஒட்டுகிற நாளில் யாரும் என்னோடு பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒட்டி முடித்துக் கதவைத் திறந்தபோது ஏதோ குழந்தை பிறந்த வீடு மாதிரி அம்மா வாசலில் நிற்கிறாள். வெள்ளை வயிற்றில், தண்ணீர் வந்து நிற்கிற மட்டத்தில், லேசாகத் துருவும் பாசியும் பிடித்த மாதிரி பழுப்பும் பச்சையும் இழைத்துவிட்டேன். தாளில் அது கிடையாது. எனக்கு அது இல்லாமல் அந்த விமானத்தைக் கண்ணில் பார்க்க முடியாது.

இதற்கு நடுவில் அம்மாவின் தொல்லை ஒன்று. போர்க்கப்பலைப் பக்கத்துத் தெரு ஆட்கள் வந்து ஆகா ஓகோ என்றார்கள், மறுநாள் பூனை தள்ளிவிட்டது. டாங்கியைப் பார்த்துத் தபால்காரர் வாயைப் பிளந்தார், அந்த வாரமே ஜன்னல் வெயிலில் அதன் குழல் வாழைப்பூ மாதிரி வளைந்துவிட்டது. எல்லாம் கண் பட்டதுதான் என்று அம்மா சொல்கிறாள். கண் பட்டு பிளாஸ்டிக் உருகாது, வெயில் பட்டால் உருகும், பூனைக்கு ஊர்க்கண் தேவையில்லை, வால் போதும் என்று நான் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் திருஷ்டிப் பேச்சை நான் ஒத்துக்கொண்டதில்லை, உனக்கே தெரியும், நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் கன்னத்தில் அவள் வைக்கிற மையை நான் துடைப்பேன், அவள் வைப்பாள், நான் துடைப்பேன், நடுவில் உன் கன்னம் சிவந்துபோகும். இந்தத் தடவையும் வாக்குவாதம் செய்தோம், அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டி நாள் இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை. அம்மா தானும் வருவேன் என்று கோவிலுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். க்ளெமானும் போட்டிக்கு ஒன்று கட்டியிருந்தான், அவன் யுத்தத்தில் எகிப்துப் பக்கம் மண்வெட்டிப் பட்டாளத்தில் இருந்தவன் இல்லையா, அங்கே ஓட்டின கமியோன், பாலைவன லாரி. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கட்டியிருந்தான், சக்கரத்தில் நிஜ மணலைப் பசையில் தோய்த்து ஒட்டியிருந்தான். ஆனால் கண்ணாடியில் பசை பட்டு ஒரு மூலை மங்கியிருந்தது, அதை நான் பஸ்ஸில் போகும்போதே கண்டுபிடித்து அவனிடம் சொன்னேன். பாலைவனத்தில் கண்ணாடி அப்படித்தான் இருக்கும் என்றான். அவன் லாரி பிஸ்கட் டப்பாவில், என் விமானம் அட்டைப் பெட்டியில் வைக்கோல் மேல், அம்மா மடியில். போர்ட் லூயியில் பஸ் மாறும்போது பெட்டியை என்னிடம் தரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

மண்டபத்தில் நீளமான மேசைகள், பச்சைத் துணி விரித்து. டாங்கிகள், கப்பல்கள், சண்டை விமானங்கள், எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளும் அரசாங்க உத்தியோகக்காரர்களும் கட்டியவை. என்னை ஓரத்து மேசைக்குப் போகச் சொல்வார்களோ என்று தயாராக வந்திருந்தேன், என்ன பதில் சொல்வது என்றுகூடப் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை, நடு மேசையிலேயே இடம் கொடுத்தார்கள், அந்தப் பதில் வீணாயிற்று. மதிப்பீடு செய்ய வந்தவர் மிஸ்யே ஆல்பெர் என்பவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கையில் பூதக்கண்ணாடி. மாடலைத் தொட மாட்டார், குனிந்து, கண்ணாடியை ஓட்டி, குறையைக் கட்டியவரிடமே வாய்விட்டுச் சொல்வார். இங்கே ஒட்டின கோடு தெரிகிறது, இங்கே ஒட்டின சின்னப் படத்துக்குக் கீழே காற்று நிற்கிறது, இந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை என்று. சாயங்காலம் மணி அடிப்பதற்குள் சின்னக் குறைகளைக் கட்டியவரே சரி செய்துகொள்ளலாம், அப்புறம் மறுபடியும் ஒரு சுற்று, அதோடு முடிவு. நியாயமான ஏற்பாடுதான். எல்லாரும் பெயிண்டும் பிரஷ்ஷும் பையில் கொண்டுவந்திருந்தார்கள், நானும்.

என் விமானத்துக்கு வந்ததும் மனிதர் நின்றுவிட்டார். இறக்கையை முன்னாலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார், மட்டம். கோட்டைத் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. குமிழிகளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வயிற்றுக் கறையைக் காட்டி இது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார், ஆமாம், இந்த வயிற்றுக்குக் கீழே நின்று பிடித்தவன் நான் என்றேன், தலையை ஆட்டினார். பிறகு மூக்குப் பக்கம் வந்தார். இடது பக்கம் கண்ணாடியை வைத்தவர் எடுக்கவே இல்லை. இதுவும் வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். மூக்குக்குச் சற்றுப் பின்னால், குழந்தைக்குக் கன்னம் இருக்கிற இடத்தில், துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. கண்மை.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படி ஒரு விசிறியை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்பதுபோல். எப்போது வைத்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். காலையில, நீங்க சவரம் பண்ணும்போது என்றாள். இத்தனை பேர் கண்ணாடி வச்சுக் குறை தேடுற இடத்துக்கு ஒண்ணும் வைக்காமக் கூட்டிட்டு வருவாங்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். க்ளெமான் பக்கத்து மேசையிலிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மிஸ்யே ஆல்பெருக்கு நான் விளக்கம் சொன்னேன், இது என் மனைவி வைத்தது, எங்கள் பக்கத்தில் கண் படக்கூடாது என்று குழந்தைகளுக்கு வைப்பார்கள் என்று. அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவரை மெச்சுகிறேன். மரியாதையாகக் கேட்டார், நிஜ விமானத்தில் இது இருந்ததா என்று. நான் பொய் சொல்கிறவன் இல்லை. இல்லை என்றேன். அப்படியானால் இது குறைதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மிஸ்யே நாகலிங்கம், இந்த மேசையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த அழுக்கை மட்டும் துடைத்துவிடுங்கள். அட்டையில் உங்கள் பெயர்தான்” என்றார்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? துடைத்திருப்பாய். உலகத்தில் எல்லாரும் துடைத்திருப்பார்கள். நானே முப்பது வருஷமாகத் துடைக்கிறவன்தானே. ஆனால் அவர் அழுக்கு என்றார் பார், அந்தச் சொல் என் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை மூடத்தனம் என்று நான் சொல்லலாம், அவளோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்கு உரிமை இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்திருக்கிறவர் சொல்லலாமா? துடைக்க மாட்டேன் என்றேன். நீங்கள் இதை நம்புகிறீர்களா என்று கேட்டார். நம்பவில்லை, ஆனாலும் துடைக்க மாட்டேன் என்றேன். மணி அடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது, யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். க்ளெமான் வந்து என் தோளில் கை போட்டு, “துடைச்சுடாதே நாகா, கடைசி வரைக்கும் உறுதியா நில்லு. நீ துடைக்கலேன்னா நான்தான் முதல். உன் தலை கல்லுன்னு இத்தனை நாளா கேலி பண்ணினேன், இன்னிக்கு அந்தக் கல்லுக்கு மாலை போடறேன்” என்றான். அவன் லாரிக் கண்ணாடியின் மங்கலைப் பற்றி மறுபடியும் சொல்லிவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

வெளியே ஒருவன் எலுமிச்சைத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தான். குடித்தேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை, அவள் மேலா, ஆல்பெர் மேலா, படம் எடுத்தவன் மேலா. அந்த அட்டை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் வயிற்றுக்குள் தெரிந்தது, பசி மாதிரி. துடைத்துவிட்டால் என்ன, கண்மைதானே, அவளுக்கு வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒரு பக்கம் ஓடியது, மறைக்க மாட்டேன். அப்படி ஓடினதுமே, கயிறு பிடித்தவர்கள் ஓரமாகப் போங்கள் என்று யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. இந்தத் தடவை ஓரமாகப் போகச் சொல்வது அவளை, சொல்கிறவன் நான். போதும் என்று உள்ளே போனேன்.

போய்ப் பார்த்தால் விமானத்தின் கன்னம் சுத்தமாக இருக்கிறது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. அம்மா பட்டுச் சேலை முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அழகாகத் துடைத்திருக்கிறாள், முந்தானையில் கறுப்பு. என்ன செய்தாய் என்றேன். “உங்க பேரு அந்த அட்டையில வரட்டும். எனக்கு அது போதும்” என்றாள், கிரியோலில்தான் சொன்னாள், ஆனால் கோவிலில் சொல்கிற குரலில். மண்டபம் முழுக்கச் சத்தம், மணி அடிக்கிற ஆள் மணிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். நான் பையைத் திறந்தேன். சக்கரத்துக்கு அடித்த கறுப்பு எனாமல் இருந்தது, மூடியை நெம்பினேன், சின்ன பிரஷ்ஷை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள், வேண்டாங்க, வேண்டாங்க என்றாள். நான் அவள் கையை எடுத்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். அவசரத்தில் பிரஷ் அமுங்கிவிட்டது, துவரம்பருப்பு மொச்சைக்கொட்டை ஆகிவிட்டது, ஒரு பக்கம் கோணல் வேறு. எனாமல், ருக்கு. கண்மை இல்லை. சேலையை நனைத்துத் துடைத்தால் வராது. மணி அடித்தது.

மிஸ்யே ஆல்பெர் வந்து பார்த்தார். சரி செய்யச் சொன்னேன், பெரிதாக்கிவிட்டீர்களே என்றார். ஆமாம் என்றேன். இப்போது இது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார். இப்போது வேண்டுமென்றே செய்ததுதான் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நீ கேட்ட ஒரு வரிக்குப் பதில் இதோ. முதலாவது க்ளெமான். அவன் லாரி கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, மங்கின கண்ணாடியோடு, அட்டையில் அவன் பெயர் போட்டுத் தேர் ரூஜ் என்றும் போட்டிருக்கிறது, ஊர்ப் பெயராவது வந்ததே என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான், நான் அவனோடு பேசவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. நேரம் கொடுத்தும் குறையைத் திருத்தாமல் அதிகமாக்கினால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். எனக்கு வருத்தம் என்று நினைக்காதே. அன்றைக்கு ராத்திரி மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன், க்ளெமான் வாங்கி வந்த பாட்டிலிலும் அவனோடு பேசாமலே பாதியைக் குடித்தேன்.

ஆனால் பஸ்ஸில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி அம்மா மடியில்தான். நம்பறீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் ஏன் வச்சீங்க என்றாள். உனக்குச் சொன்னால் புரியாது என்றேன், எனக்கே முழுதாகப் புரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை. சிரிக்கிறாள், உன் அம்மா, முழங்கால் வலியையும் மறந்து. என்ன என்றேன். வைக்கோலை விலக்கி விமானத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். அடிவயிற்றில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், நான் பாசி இழைத்த இடத்துக்குப் பக்கத்தில், கடுகு அளவுக்கு இன்னொரு பொட்டு. கண்மை. ஆல்பெர் கண்ணாடிக்கும் தப்பின பொட்டு. “குழந்தைக்கு உள்ளங்கால்ல வைக்காமலா கன்னத்துல மட்டும் வைப்பாங்க? அது இருக்கிற தைரியத்துலதான் இதைத் துடைச்சேன்” என்றாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி க்ளெமான் சிரித்தான். நான் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று தேர் ரூஜ் வந்து இறங்கிய பிறகு கேட்டேன். நீங்க என்னிக்கு நான் சொல்லிக் கேட்டீங்க என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, இருட்டிவிட்டதால் சொல்லவில்லை.

நான் செய்தது தவறு என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. அந்தப் பொட்டு உள்ளங்காலில் இருந்தது எனக்குத் தெரிந்திருந்தாலும் கன்னத்தில் வைத்திருப்பேன். விமானம் இப்போது நம் அலமாரி மேல் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் அதன் கன்னத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நேற்று ட்ரியோலேயிலிருந்துகூட ஓர் ஆள் வந்து, மை வைத்த அவியோன், அந்த விமானம், இங்கேதானே என்று கேட்டான். அடுத்த வருஷமும் போட்டி உண்டாம். முடிந்தால் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று அனுப்பு, நாலு என்ஜின் இருந்தால் நல்லது, பசைக் குழாய் இரண்டு சேர்த்து அனுப்பு. எங்கே பொட்டு வைப்பது என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்வது என்று அம்மாவோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. முதல் பேச்சிலேயே சண்டை வந்துவிட்டது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, அறையில் கேஸ் அடுப்பை மூடினாயா என்று இரண்டு தடவை பார். கம்பளிக் காலுறையைக் கழற்றாதே. வருகிற கப்பலில் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் அனுப்புகிறோம், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி ஒரு சின்ன மை டப்பா இருக்கும். அது அம்மா வைத்தது. ஆஸ்பத்திரியில் புது ஆட்கள், புதுக் கண்கள், கன்னத்தில் வைத்தால் வெள்ளைக்காரிகள் கேட்பார்கள், உள்ளங்காலில் வைத்துக்கொள்ளச் சொல், காலுறைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறாள். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். வைத்துக்கொள்.

தலை நரைத்து, பேரன் பேத்தி கண்டு, எங்களைவிட நன்றாக நீ வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். பதிலைத் தமிழில் எழுது.

இப்படிக்கு,
எதையும் துடைக்காத உன் அப்பா
நாகலிங்கம்,
பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் உன் அம்மா
பொன்னம்மா.